ஒரு துடிப்புக்குப் பத்து

மாங்குளம் சந்திக்குக் கிழக்கே, பேக்கரியின் பின்பக்கத் தகரத்தின் கீழ்
மரப்பெட்டியை ஆணி கழற்றித் திறந்தோம்.
மாவு குழைக்கிற மெசின்.
கொக்கியின் கழுத்தில், கிரீஸ் காய்ந்த இடுக்கில்
இன்னும் மொன்றியல் மாவு.
கேதாரநாதன் விரல்நுனியால் தொட்டு நாக்கில் வைத்தார்.
"புளிச்சுப்போச்சு" என்றார்.

அத்தான் வேலை செய்த பேக்கரி மூடுப்பட்டபோது
ஏலத்தில் எடுத்துக் கப்பலில் ஏற்றிவிட்டது.
பித்தளைத் தகட்டில் அதன் சாதகம்:
அறுநூறு வோல்ற். மூன்று பேஸ். அறுபது சுழற்சி.
எங்கள் கம்பத்தில் நானூறு. ஐம்பது.
பின்னேரம் அரிசி ஆலை ஓடத் தொடங்கினால்
அந்த நானூறும் முந்நூற்றெழுபது.

நான் அறுநூறை வாசித்தேன்.
அறுபதை வாசிக்கவில்லை.
இதை இங்கே எழுதிவைக்கிறேன், ஏனென்றால்
பில்லில் இதற்கு ஒரு வரி இல்லை.

பட்டாணிச்சூரில் ஜவாத் நானா சுற்றித் தந்த ரான்ஸ்போமர்
லாண்ட்மாஸ்ரரில் வந்து இறங்கியது.
நானூறு உள்ளே, அறுநூறு வெளியே.
மீற்றர் ஒத்துக்கொண்டது. நானும்.

முதல் சுவிச்சுக்குக் கொக்கி எதிர்ப்பக்கம் சுற்றியது.
பொடியன்கள் சிரித்தார்கள்.
இரண்டு வயரை இடம் மாற்றினேன், சரியாய்ச் சுற்றியது.
சிரித்தவர்களே கைதட்டினார்கள்.
பதினோராம் நிமிடம் ஒரு டக்.
நின்றுவிட்டது.
மாவே போடாத மெசின்.
மோட்டார் முதுகில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டேன்,
தோசைக்கல்லில் விட்டது போல ஓடி மறைந்தது.

இரவு, வெறும் மாப்பையைக் கிழித்து அதன் உட்புறத்தில் கணக்குப் போட்டேன்.
மெதுவாக வரும் அலை
ஒவ்வொரு முறையும் கூடுதல் நேரம் நின்று அழுத்தும்.
இரும்பு கொள்ளுமட்டும் கொள்ளும்,
பிறகு கொதிக்கும்.
அறுநூறை அறுபதால் பிரித்தால் பத்து.
ஒரு துடிப்புக்குப் பத்து வோல்ற்,
அதுதான் அது பழகிய சாப்பாடு.
எங்களிடம் ஐம்பது துடிப்பு.
ஆகவே ஐநூறு.
அது கேட்டதைக் கொடுத்துத்தான்
நான் அதைக் கொல்லப் பார்த்திருக்கிறேன்.

"நீங்க கேட்டது அறுநூறு. நான் தந்தது அறுநூறு"
என்றார் ஜவாத் நானா, பீங்கான் கோப்பையை வைக்காமலே.
"ஓம் நானா. பிழை என்ரை."
அதற்குப் பிறகுதான் மூடியைக் கழற்றினார்.
காலுக்கு இருநூற்று நாற்பது சுற்று.
இருநூறாவதில் வார்னிஷைச் சுரண்டி
ஈயம் வைத்து ஒரு காது.
மூன்று காலிலும் மூன்று காது.
காசு வேண்டாம் என்றார். பிறகு பாதி வாங்கினார்.

எர்த் கம்பிக்குக் குழி தோண்டியபோது
அலவாங்கு இரும்பில் முட்டியது.
ஒருவரும் பேசவில்லை.
கேதாரநாதன் பொடியன்களை றோட்டுக்கு அனுப்பினார்.
நான் முழந்தாளில் இருந்து, விரலால், மண்ணை மண்ணாக விலக்கினேன்.
தண்ணீர்ப் பம்பின் மூடி.
நாலு போல்ட் ஓட்டை, ஒரு எண்.
யாரோ இங்கே வெங்காயத்துக்கு இறைத்திருக்கிறார்கள்.
சுவரில் சாத்திவிட்டு
உப்பும் கரியும் போட்டுக் கம்பியை இறக்கினோம்.

ஐநூறில் மெசின் முனகவில்லை.
அங்கே பத்து நிமிடத்தில் திரண்ட மாவு
இங்கே பன்னிரண்டு எடுக்கிறது.
வீடியோவில் பார்த்த அத்தானுக்கு முகம் விழுந்துவிட்டது:
"ஏன் பிள்ளை, மெல்லமாய்ச் சுத்துது?"
"இஞ்ச கரண்ட் ஐம்பதுதான் அத்தான்."
"அங்க கரண்டும் குறைச்சலோ?"
குறைச்சல் இல்லை என்று விளங்கப்படுத்த வாயெடுத்தேன்,
அவருக்கு வேலைக்குப் போகிற நேரம்.

விடிய மூன்று மணிக்கு முதல் அச்சுப் பாண்.
கேதாரநாதன் ஒன்றைப் பிய்த்துத் தராமல்
முழுசாய் ஒரு அச்சு தந்தார், பேப்பரில் சுற்றி.

போகுமுன் ரான்ஸ்போமர் மூடியை ஒருமுறை திறந்தேன்.
காதுக்கு அப்பால் மிச்ச நாற்பது சுற்று
வேலையில்லாமல் இருக்கிறது.
அதன் நுனியில் இப்பவும் அறுநூறு நிற்கிறது.
மூன்று நுனிக்கும் கறுப்பு ரேப் சுற்றி
மேலே எழுதினேன்:
தொடாதே. உயிர் உண்டு.